பாஸ்கர் வண்டியின் பம்ப்

உச்சிமாகாளி ஒரு வண்டியைப் பார்த்து ‘தேறும்’ என்றால் தேறும், ‘தேறாது’ என்றால் தேறாது. திருவொற்றியூர் தேரடி ஸ்டாண்டில் அவன் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் ராயபுரத்துச் சித்தப்பாவின் மளிகைக்கடைக்கு வந்தவன், பருப்பு நிறுக்கப் பிடிக்காமல் மாதவரத்து லாரி ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் பத்து வருஷம் கிரீஸில் புரண்டான். அவன் கூட்டத்து ஆட்களெல்லாம் ஒரு கடையை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிக்கொண்டிருந்தபோது இவன் ஒரு பழைய குவாலிஸ் வாங்கி வாடகைக்கு ஓட்டினான். “நம்ம ஆளுகள்ல இப்படியும் ஒருத்தன்” என்று சித்தப்பா கல்யாண வீடுகளில் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டுமே, இவனுக்கென்ன போச்சு.

ஸ்டாண்டில் ஒரு காலத்தில் ஆறு வண்டிகள், ஆறும் குவாலிஸ். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி இருபது வருஷத்தை நெருங்கிவிட்டது. கடையில் புதிதாகக் கிடைக்கும் சாமான் பெரும்பாலும் லோக்கல். பளபளவென்று டப்பாவில் வரும், மாட்டினால் நாலு மாசம் வரும். கம்பெனிச் சாமான்தான் வேண்டுமென்றால், செத்த வண்டியிலிருந்து கழற்றியதை காயலாங்கடையில் தேட வேண்டும். அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எந்த மழைவெள்ளத்தில் ஊறிக் கிடந்தது என்று யார் கண்டது?

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் பாஸ்கர். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பன், பாட்டன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவன் மட்டும் கரை கண்ணிலிருந்து மறைந்ததும் வாந்தி எடுப்பான், அதனால் ஸ்டியரிங் பிடிக்க வந்துவிட்டான். கடலை விட்டாலும் கடல் பழக்கத்தை விடவில்லை. “மாமு, ஸ்டாண்டு வண்டி எது கட்டிங்குக்குப் போனாலும் காயலாங்கடைக்காரன் கை வெக்கிறதுக்கு முன்னால நாம பங்கு பிரிச்சிக்கணும். வலையில வந்த மீனு மாரி. யாருக்கு இன்னா வேணுமோ அவன் எடுத்துக்கினு போட்டும். நம்ம வண்டி சாமான், நமக்குத் தெரியாதா அதோட யோக்கியதை?” என்றான். எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. ஒரு வண்டி செத்தபோது பாஸ்கருக்கு கியர் பாக்ஸும் உச்சிமாகாளிக்கு ரேடியேட்டரும் கிடைத்தன. வண்டியை இழந்தவனுக்கு மற்றவர்கள் சேர்ந்து ஒரு தொகை கொடுத்தார்கள். நல்ல வழக்கம்தான். அதில் ஒரு கெடுதலும் இருந்தது, அப்போது யாருக்கும் அது புத்தியில் படவில்லை. அடுத்தவன் வண்டி எப்போது சாகும் என்று ஒரு கண் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் சித்திரையில் உச்சிமாகாளியின் டீசல் பம்ப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி உயிர் வராது. பானட்டைத் திறந்து பம்ப்மேல் ஈரத்துணியைப் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி, அது ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போய்த் திரும்ப விடும் ட்ரிப்தான் அவனுக்குச் சோறு போட்டது. அதில் வரும் ஷிப்டு ஆட்கள், வண்டிக்கு அவன் தண்ணீர் காட்டுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு தபா லேட் ஆச்சின்னா வேற வண்டி போட்டுருவேன், அப்பால என்னை வந்து கேக்காத” என்றார். உச்சிமாகாளி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஐம்பத்திரண்டு வயதில் அந்த ட்ரிப் போனால் திரும்பவும் சித்தப்பா மகன் கடையில் போய்ப் பருப்பு நிறுக்க வேண்டியதுதான்.

முதலில் லோக்கல்தான் போட்டுப் பார்த்தான். பம்ப்பின் உள்ளே தேய்ந்துபோன ரோட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டான். ஆவணிக்குள் பழைய குருடி கதவைத் திறந்தாயிற்று. ஊர்க்காரர் தவசிமுத்து அண்ணாச்சி உதிரிபாகக் கடை வைத்திருந்தார், அவரிடம் போய் நின்றான்.

“ஏல மாகாளி, இன்னொரு லோக்கல் வேணும்னா தாரேன், எனக்கு யாவாரம்தான். ஆனா நாலு மாசத்துக்கு ஒருக்கா பம்பைப் பிரிச்சுக்கிட்டே கெடப்பியா? கழட்டுன ஒரிஜினலா, எங்க ஓடுச்சு, எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்ச பம்பா ஒண்ணு பாருல. அது போதும், உன் காலம் வரைக்கும் ஓடும்” என்றார் அண்ணாச்சி.

எங்கே ஓடியது, எப்படி ஓடியது என்று தெரிந்த பம்ப் இந்தப் பட்டணத்தில் ஒன்றுதான் இருந்தது. பாஸ்கருடையது. ஒரு டாக்டர் வீட்டில் பொத்திப் பொத்தி ஓட்டிய வண்டியை அவன் வாங்கியிருந்தான். பம்ப் கை படாதது. அந்த வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் உச்சிமாகாளிக்கு எச்சில் ஊறியது. ஆமாம், எச்சில்தான் ஊறியது, வேறு நல்ல வார்த்தை போட்டு மூட வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பாஸ்கர் வண்டி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குள் வந்தது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

“மாமு, நீ பாரு. செய்லாமா, வாணாமா? எஃப்.சி டெஸ்ட்டு வேற அடுத்த மாசம் கீது. பொண்ணு மாயாவுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். காசை வண்டில கொட்டிட்டு அப்பறம் அவுட்டுன்னு சொன்னா நான் செத்தேன்.”

உச்சிமாகாளி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான். குபுகுபுவென்று குமிழி வந்தது. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கிறது, அவ்வளவுதான். பிரித்து, ஹெட்டைச் சமன்செய்து, புது கேஸ்கெட் போட்டு மூடினால் மூன்று நாள் வேலை. லோக்கல் கேஸ்கெட்டே போதும், வண்டி இன்னும் ஐந்து வருஷம் ஓடும். பார்த்த அந்த நிமிஷமே இவ்வளவும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

“பிளாக்கு கிராக்கு விட்டுடுச்சி பாஸ்கரு, இன்ஜினே அவுட்டு” என்றான்.

வாய் கூசவில்லை. அதுதான் பின்னால் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தொண்டை கொஞ்சம் அடைத்திருந்தால்கூடப் பாஸ்கர் கண்டுபிடித்திருப்பான்.

பாஸ்கர் பம்பருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “பிரிச்சி ஒரு தபா பாத்துர்லாமா?”

“பிரிச்சா பிரிச்ச கூலியும் போச்சி. எஃப்.சியும் ஆவாது. என் வண்டின்னா நான் செலவு பண்ண மாட்டேன், சொல்லிட்டேன்.”

அதற்குமேல் பாஸ்கர் கேட்கவில்லை. மாகாளி சொல்லிவிட்டால் அப்புறம் என்ன கேட்க இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியின் காயலாங்கடை வாசலில் பங்கு பிரித்தார்கள். ஸ்டாண்டுக்காரர் பக்தவச்சலம் முன் சஸ்பென்ஷனை எடுத்துக்கொண்டார். இன்னொருவன் டயர்களையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டான். பம்ப்பை பாஸ்கரே கழற்றினான், யாரையும் கை வைக்க விடவில்லை. டீசலில் கழுவி, தோளில் கிடந்த துண்டில் சுற்றி உச்சிமாகாளி கையில் கொடுத்தான்.

“இது உனுக்குத்தான் மாமு. நீ மட்டும் சொல்லலன்னா காசைக் கொட்டிட்டு நடுத்தெருவுல நின்னுருப்பேன். மகராசன், நீ நல்லா இரு.”

உச்சிமாகாளி வாங்கிக்கொண்டான். கீழே போட்டுவிட்டு உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. வண்டியை இன்னும் உடைக்கவில்லை, கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்ட ஒரு பகல் போதும். அவன் துண்டைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போனான்.

பம்ப் பிரமாதமாக ஓடியது. கொதிக்கிற வெயிலில் மணலியில் நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. ட்ரிப் தப்பித்தது. சூப்பர்வைசர், “இன்னா, புது வண்டியா?” என்று கேட்டார். பாஸ்கர் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தான். தொளதொளத்த நீலச் சட்டையும் விசிலுமாக கேட்டில் நின்றான். லீவு நாட்களில் ஸ்டாண்டுக்கு வந்து டீ குடிப்பான், உச்சிமாகாளிக்கும் சேர்த்து அவனே காசு கொடுப்பான். அந்த டீ ஒவ்வொரு முறையும் கசந்தது, உச்சிமாகாளி ஒவ்வொரு முறையும் குடித்தான்.

மாசி மாதம் ஒரு கதவுக் கைப்பிடி தேடி மதி கடைக்குப் போனான். மதிக்கு அன்றைக்குக் கைநிறைய வியாபாரம், வாய்நிறையப் பேச்சு.

“அண்ணே, பாஸ்கரண்ணன் இன்ஜினு செம ராசிண்ணே! பிளாக்குல ஒரு கீறலு இல்ல. கேஸ்கெட்டு மாத்தி, வேற ஒரு பம்பு போட்டதும் கும்முனு ஓடுது. ஐஸ் ஒடைக்கிற மிஷினுக்குன்னு வாங்கிகினு பூட்டாங்க. எங்க ஓடுதுன்ற? அவரு குப்பத்துக் கரையிலயேதான். அவரும் பாத்துட்டாராம். அரை மணி நேரம் அங்கியே நின்னுகினு இருந்தாருன்னு சொன்னாங்க.”

உச்சிமாகாளி கைப்பிடி வாங்காமல் திரும்பினான். பாஸ்கர் இப்போது வருவான், சட்டையைப் பிடிப்பான், ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் காறித் துப்புவான் என்று காத்திருந்தான். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாசம் போயிற்று. பாஸ்கர் வந்தான், பக்தவச்சலத்தோடு அரட்டை அடித்தான், டீ குடித்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. உச்சிமாகாளியின் டீக்குக் காசு கொடுப்பதை நிறுத்தியிருந்தான். ‘அடிச்சித் தொலையேன்டா’ என்று உச்சிமாகாளிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தானாகப் போய்ச் சொல்ல மூன்று தரம் கிளம்பி, யார்டு கேட் வரைக்கும் போய், விசில் சத்தம் கேட்டதும் திரும்பி வந்தான். கோழை என்று அவனையே அவன் திட்டிக்கொண்டான். திட்டிக்கொள்வதற்குச் செலவில்லை அல்லவா!

வைகாசியில் மாயாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மீஞ்சூரில் மண்டபம். ஸ்டாண்டுக்காரன் வீட்டுக் கல்யாணம் என்றால் எல்லா வண்டிகளும் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் ஓடும், அது கேட்கவே வேண்டாத முறை. பாஸ்கரும் அவன் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துப் பத்திரிகையோடு உச்சிமாகாளி வீட்டுக்கே வந்தார்கள். உச்சிமாகாளியின் மனைவி தங்கபுஷ்பம் காபி கலந்து கொடுத்தாள். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டி, “குடும்பத்தோட வந்துரணும்” என்று முறைப்படி பாஸ்கர் சொன்னான். பெண்கள் உள்ளே புடவை பார்க்கப் போனார்கள். பாஸ்கர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற குவாலிஸை ஒரு பார்வை பார்த்தான்.

“மாமு, நீ வா. கண்டிப்பா வா. நீ வராம என் பொண்ணு கல்யாணம் இல்ல. வண்டிய மட்டும் எடுத்துகினு வராத.”

குரலில் கோபமே இல்லை. உச்சிமாகாளி “சரி” என்றான்.

கல்யாணத்தன்று தங்கபுஷ்பம் பட்டுப் புடவையோடு வண்டிக் கதவருகே போய் நின்றாள். “பஸ்ல போவோம்” என்றான் உச்சிமாகாளி.

“கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு? வண்டி வாசல்ல நிக்கி, பஸ்ஸுல போவணுமா? ஸ்டாண்டு வண்டியெல்லாம் அங்க நிக்கும்போது நம்மது மட்டும் எங்கன்னு கேக்க மாட்டாவளா?”

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். குமிழி வந்தது, கிராக் என்று சொன்னது, துண்டில் சுற்றிய பம்ப்பை வாங்கியது எல்லாவற்றையும். அவள் பஸ் வந்ததும் முன்பக்கம் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். மீஞ்சூர் வரைக்கும் அவன் பக்கம் திரும்பவில்லை.

மண்டப வாசலில் மூன்று குவாலிஸ்கள் கதம்ப மாலையோடு நின்றன. பாஸ்கர் புது வேட்டியில் ஓடி ஓடி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். உச்சிமாகாளியைக் கண்டதும் கும்பிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முதல் பந்தியிலேயே உட்காரவைத்தான். இலையில் எல்லாம் விழுந்தது. உச்சிமாகாளிக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. பந்தி விசாரித்துக்கொண்டு வந்த பாஸ்கர் அவன் இலைக்கு எதிரே நின்றான்.

“இன்னா மாமு, அப்டியே வெச்சிகினு கீற? சாப்பிடு. எதுல வந்த?”

“பஸ்லதான்.”

“கூட்டமா?”

“ம்.”

“நானும் இப்ப டெய்லி பஸ்லதான் போறேன். மொதல்ல ஒரு மாரி இருக்கும். அப்பறம் பழகிடும்” என்றான் பாஸ்கர். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, “இந்த இலைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.