வலமாக மட்டும் சுற்றிய சாவி

மாஸ்டரின் ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் ஒரு ஆலன் கீ எப்போதும் தொங்கும். விரல் நீளத்தில், ஒரு முனை வளைந்த அறுகோணக் கம்பி. பேசும்போது கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பேசுவார். புதிதாக யாராவது வந்தால் கொத்தை மேசையில் போட்டுவிட்டு, ஆலன் கீ மேலே தெரிகிற மாதிரி மற்றச் சாவிகளை ஒதுக்கி வைப்பார். சில டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே டீக்கடைக்கு வருவார்களே, அந்த மாதிரி. டாக்டர்களுக்காவது அதைக் காதில் மாட்டினால் என்ன கேட்கும் என்று தெரியும்.

தென்காசியில் மெல்லிசைக் குழு நடத்திய அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குப் பழக்கம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தேன். கருவி வாசிக்கிற ஒரே பெண் என்பதால் போஸ்டரில் என் படம் பெரிதாக இருக்கும்; மேடையில் எனக்குத் தருகிற ஸ்பீக்கர் சிறிதாக இருக்கும். மாஸ்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரிந்தது சொற்பம். அதை ஈடுகட்ட அவர் கிட்டார் ரிப்பேர் செய்பவர் ஆனார். வாசித்தால் காது உள்ளவன் கண்டுபிடித்துவிடுவான். ரிப்பேரில் அந்த அபாயம் இல்லை. கெட்டுப்போனால் பொருளின் மேல் பழி போடலாம், பொருளின் சொந்தக்காரி மேலும் போடலாம்.

கிட்டாரின் கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராட் என்பார்கள். வெளியே தந்திகள் கழுத்தை முன்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இந்தக் கம்பி அதை எதிர்த்துப் பிடித்திருக்கும். தலைப்பக்கத்தில் ஒரு சிறிய துளை. அதில் ஆலன் கீயை நுழைத்து வலப்பக்கம் திருப்பினால் கம்பி இறுகி, கழுத்து பின்னால் வளையும். இடப்பக்கம் திருப்பினால் கம்பி இளகி, கழுத்து முன்னால் வரும். அவ்வளவுதான் சங்கதி. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடத் தெரிந்த யாருக்கும் புரிந்துவிடும்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியிலும் துணி காயாது, உப்பு நீர்விடும், கதவு நிலையில் முட்டும். கிட்டார் கழுத்தும் மரம்தானே. ஈரத்தை உறிஞ்சி முன்னால் வளையும். தந்திகள் உயர எழும்பி நிற்கும், அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். நான் சேர்ந்த முதல் சீசனில் மாஸ்டர் என் கிட்டாரை வாங்கி, ஒரு கண்ணை மூடி நெடுகப் பார்த்து, சாவியை நுழைத்து வலப்பக்கம் ஒரு திருப்பு திருப்பினார். தந்தி இறங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள், "மாஸ்டர்னா மாஸ்டர்தாம்லே" என்றார்கள். அவருடைய மொத்தப் படிப்பும் அன்றோடு நிறைவடைந்தது.

மழையெல்லாம் ஓய்ந்து, மாசி பிறந்து காற்று வறண்டதும் கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்தது. இப்போது தந்திகள், கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் மேல் படுத்துக்கொண்டன. எந்தச் சுரத்தைத் தொட்டாலும் தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு இரைச்சல். இதற்குச் சாவியை இடப்பக்கம் திருப்ப வேண்டும். மாஸ்டர் வலப்பக்கம் திருப்பினார். இரைச்சல் கூடியது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் வலப்பக்கமே திருப்பினார்.

கிட்டாரோடு வந்த கையேட்டை நான் படித்திருந்தேன். "மாஸ்டர், இதுக்கு இடப்பக்கம் திருப்பணும்னு போட்டிருக்கு" என்றேன். சொல்லும்போதே, தப்பாகப் படித்திருப்பேனோ என்று ஒரு சந்தேகம்.

சாவிக்கொத்து சுழல்வது நின்றது. "ஏட்டி, கோயில்ல எப்படிச் சுத்துவே?"

"வலமா."

"இடமா எங்கன சுத்துவாங்க?"

சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்முன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடமாகச் சுற்றுவார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது.

"பொறவு என்ன? மங்கலமான பொருள்ட்டி இது. இடமாச் சுத்தி எழவு வீடாக்கச் சொல்லுதியா?" என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "லூசாக்கச் சொல்லுதா பாருங்கலே, லூசு!"

தபேலா வாசிக்கிறவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒரு திருகாணியைப் பற்றிய கேள்விக்குச் சாமியையும் சுடுகாட்டையும் காட்டிப் பதில் சொன்னார் ஒருவர். அந்த அறை முழுக்க அதை ஞானம் என்று ஏற்றுக்கொண்டது. இதே மனிதர் தன் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடியை இடமாகத் திருப்பித்தான் திறப்பார். அப்போது அவருக்கு எந்த எழவும் நினைவுக்கு வந்ததில்லை.

அந்தப் பங்குனியில் மேலகரத்தில் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நிகழ்ச்சியின் நடுவில் ஒரு பாட்டு முழுவதையும் நான் கிட்டாரில் தனியாக வாசிப்பதாக ஏற்பாடு. மாதக்கணக்கில் பழகியிருந்தேன். அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில் இருந்தார்கள். மேடையேறுமுன் மாஸ்டர் இன்னொரு திருப்பு திருப்பிக் கொடுத்தார். தொடங்கினேன். தலைப்பக்கத்துச் சுரம் ஒன்றுகூட எழவில்லை. முறத்தைத் தட்டுகிற மாதிரி டக், டக் என்று ஒரு சத்தம். மாஸ்டர் மைக்கை எடுத்தார். "பாப்பாவுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் கை நடுங்குதுல்லா. எல்லாரும் ஒரு கை தட்டி உற்சாகப்படுத்துங்க." தட்டினார்கள், சிரித்துக்கொண்டே. பாட்டின் மிச்சத்தைக் கீபோர்டுக்காரர் வாசித்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தபடி தீர்ப்பும் சொன்னார். "கழுத்து செத்துப்போச்சு அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளை கை வேர்வை, மரம் தாங்கல." அப்பா தலையாட்டினார். கிட்டார் பரணுக்குப் போனது. நான் கல்யாணமாகிக் குத்துக்கல்வலசைக்கு வந்தபோது, இடத்தை அடைக்கிறது என்று சாமான்களோடு சாமானாக ஏற்றிவிட்டார்கள். இங்கேயும் பரண்தான். கை வேர்வை என்ற அந்தச் சொல் மட்டும் பரணில் தங்கவில்லை. மகள் பிறந்த பிறகு, அவளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் துடைக்கிறேன் என்று என் கணவர் கேட்டபோதுதான் நானே யோசித்தேன்.

மகள் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். பாட்டு கேட்டால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், ஒருநாள், "நம்ம மாஸ்டர் கிட்டார் கிளாஸ் வச்சிருக்காருல்லா, பிள்ளையை அங்கன சேத்துருவோம். நானே அவரை வரச் சொல்லுதேன்" என்றார். சிவகிரியில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் கேட்டேன். "நீயே பாத்து முடிவு பண்ணு" என்றார். என்னிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. ஜுரத்துக்கு மருந்து ஊற்றுமுன் பாட்டிலின் லேபிளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவள் நான். பழைய கோபத்துக்காகப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறேனோ என்று ஒரு பக்கம். மாஸ்டர் சொன்னது உண்மையாகவே இருந்து, அந்த மரம் என் கையால்தான் செத்திருந்தால் என்று இன்னொரு பக்கம். அவர் சரியா, நான் சரியா என்று தெரியாமல் முடிவு சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளும் வழி பரணில் இருந்தது.

சைக்கிள் கடையில் ஆலன் கீ செட் வாங்கினேன். புதுத் தந்தி மாட்டினேன். மகள் மதியம் தூங்கும் நேரத்தில், ஒரே செய்முறையை நாலைந்து இடங்களில் படித்து, எல்லாம் ஒன்றாகத்தான் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டேன். தந்தியைத் தலைப்பக்கத்தில் ஒரு விரலாலும் உடலோடு கழுத்து சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளிகூட இல்லை. சாவியை நுழைத்து இடப்பக்கம் அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் மரத்துக்குள் க்ரீச் என்றது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உடையவில்லை. கால் சுற்று. நிறுத்தினேன். சுருதி கூட்டினேன், பார்த்தேன், மரம் படியட்டும் என்று மறுநாள்வரை விட்டுவைத்தேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. அடுத்த நாள் அதிலும் பாதி. நடுவில் ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி விழுந்தது. தலைப்பக்கத்துச் சுரத்தைத் தொட்டேன். மணியடித்த மாதிரி எழுந்து நின்றது. கை வேர்த்துத்தான் இருந்தது.

ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆத்திரப்படுவதற்கு எதிராளியிடம் ஏதாவது இருக்க வேண்டும், ஒரு பொறாமை, ஒரு சூழ்ச்சி, ஏதாவது. இவரிடம் என்ன இருந்தது? ஒரே பக்கம் திருப்பத் தெரிந்த மணிக்கட்டு. அதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார். தலைக்குச் சாயம், ஸ்கூட்டருக்குப் பதில் கார். சாவிக்கொத்தில் அதே ஆலன் கீ. நாற்காலியில் உட்கார்ந்ததும் கொத்தை டீப்பாயில் போட்டு, மற்றச் சாவிகளை ஒதுக்கினார். மகள் கூடத்தில் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டுத் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கன கிடச்சுது தங்கம் இது? தாத்தாட்ட கொண்டா." வாங்கினார். ஒரு கண்ணை மூடி நெடுகப் பார்த்தார். அவர் சாகடித்து அனுப்பிய கழுத்து. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்ல பீஸ் ஆச்சி" என்று அத்தையிடம் சொன்னார். "லேசா லூசா இருக்கு. ஒரு திருப்பு திருப்பித் தாரேன்."

கொத்தை எடுத்து, ஆலன் கீயைப் பிரித்து, தலைப்பக்கத்துத் துளையைத் தேடினார்.

"வேண்டாம் மாஸ்டர். இடமாச் சுத்தி வச்சிருக்கு. லூசாவே இருக்கட்டும்."

"இடமாவா? எவன் சுத்துனான்?"

"நான்தான்."

அவர் மடியிலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டேன். அவர் விட்டுவிட்டார். ஆலன் கீ அவர் கையில் நீண்டபடியே நின்றது, திருப்ப எதுவும் இல்லாமல்.

"ஏட்டி, அப்ப கிளாசு?" என்றார் அத்தை.

"அனுப்பல அத்தை."

மாஸ்டர் சிரித்தார். "படிச்ச பிள்ளைகள்லா ஆச்சி, இனி நம்மகிட்ட என்ன இருக்கு" என்றார். சில சமயம் அவர் வாயிலிருந்தும் சரியான தகவல் வந்துவிடுகிறது.

காப்பியாவது கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாமோ என்று அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அன்று முழுக்கப் பேசமாட்டார் என்று தெரிந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரை நோக்கி நடந்தவரின் விரலில் சாவிக்கொத்து மறுபடியும் சுழலத் தொடங்கியிருந்தது. வலமாகத்தான்.