கண்ணாடிக்காரர் வீட்டு வைஃபை குச்சி

கண்ணாடிக்காரரின் விரல் முதலில் ‘சரி’ என்று அழுத்திவிடும். கண் அதற்குப் பிறகுதான் கேள்வியைப் படிக்கும். அன்று காலையிலும் அதுதான் நடந்தது. இயங்குதளத்தின் இதயமான கெர்னலில் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கணினித் திரையில் ஒரு வரி முளைத்தது. முழுசாக முளைப்பதற்குள் விரல் விழுந்துவிட்டது. “இதோ, ஒரு நிமிஷம்” என்று அறையைப் பார்த்துச் சொன்னார். அறையில் யாரும் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு மனைவிக்கு அதே கணினியில் வேலைக்கான நேர்காணல்.

கடைத்தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டித் திருப்புளி இருக்கும். எதிரே வருகிறவர் முகத்தில் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. “கொஞ்சம் குடுங்க” என்று கேட்கும்போதே கண்ணாடி அவர் கைக்கு வந்திருக்கும். நிமிர்த்தி, துடைத்து, ஊதி, பழையபடி அந்த மூக்கிலேயே மாட்டிவிடுவார். ஒரு துக்க வீட்டில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்த ஒருவருக்கும் இந்தச் சேவை நடந்தது. அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு, “இப்ப நல்லா தெரியுது” என்று நன்றி சொன்னாராம்.

ஆனால் கடைக்குள் போனால் ஆள் தலைகீழ். அங்கே லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் அவரைவிட மூத்தது. இருமிக்கொண்டேதான் ஓடும். புதிதாக ஒன்று வாங்கிப் போடலாம் என்று முதலாளி வாயைத் திறந்தால் போதும், இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். “ஓடுற மெஷின்ல கை வைக்கக் கூடாது முதலாளி. அது பாட்டுக்கு ஓடட்டும்.” எண்ணெய் போடுவதற்குக்கூட வேறு யாரையும் பக்கத்தில் விடமாட்டார். இப்படி அறிவாகப் பேசுகிற மனிதர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த அறிவையும் வாசலிலேயே கழற்றிவிடுவார் போலிருக்கிறது.

வீட்டுக் கணினி பழையது. யாரோ கழித்துக்கட்டிய பெட்டியைத் தூக்கி வந்து, காசு கேட்காத இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். எந்தப் புதிய பதிப்பு வந்தாலும் அதே நொடியில் ஏற்றியாக வேண்டும். ஏன் என்று கேட்டால், “வந்த விருந்தாளியை வாசல்ல நிக்கவைக்கச் சொல்றியா?” என்பார். விருந்தாளி உள்ளே வந்து என்னென்ன உடைக்கிறார் என்பது மனைவிக்குத்தான் தெரியும்.

முக்கியமாக வைஃபை குச்சி. இணையப் பெட்டி இருப்பது மாடியில், வீட்டுக்காரர் கூடத்தில். சுவரில் துளை போட்டுக் கம்பி இழுக்க அவர் சம்மதிக்கவில்லை. அதனால் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சியை வாங்கிக் கணினியின் முதுகில் செருகியிருந்தார் கண்ணாடிக்காரர். குச்சியைச் செய்த நிறுவனம் லினக்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் தெரியாத ஒரு புண்ணியவான் அதைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலை எழுதி இணையத்தில் போட்டிருந்தார். அதை இவரே இறக்கி, இவரே கெர்னலுக்கு ஏற்றபடி கட்டி, குச்சியைப் பேசவைத்தார். எல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு தடவை கெர்னல் மாறும்போதும், புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் பழைய ஊழியரைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்கிற கதைதான். டிரைவரை மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டும்.

கணினி அணைந்து எழுந்தது. குச்சியின் நீல விளக்கு எரியவில்லை. கண்ணாடிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்காக அசந்துவிடுகிற ஆளில்லை. மனைவியின் கைபேசியை எடுத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கப் பார்த்தார். வீட்டில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகினார். அத்தனையும் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற சோம்பேறிக் கேபிள்கள். சரி போ என்று டிரைவரைக் கைபேசியில் இறக்கி, மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. “ஓடு ராஜா, ஓடு” என்று உற்சாகப்படுத்தினார். ராஜா பாதி வழியில் படுத்துவிட்டது. புதிய கெர்னலோடு இந்த டிரைவர் ஒத்துப்போகாது என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது.

கைபேசியில் தேடினார். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவருக்கு இதே குச்சி, இதே கெர்னல், இதே சிவப்பு எழுத்து. கண்ணாடிக்காரருக்கு உடன்பிறந்தவனைக் கண்டுபிடித்த சந்தோஷம். ஆவலோடு கீழே தள்ளிப் படித்தார். அந்த மனிதர் கடைசியாக எழுதியிருந்தது: ‘சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.’ அவ்வளவுதான்.

“எப்படின்னு சொல்லித் தொலையேன்டா பாவி!” என்று கத்தினார்.

சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள். தலை வாரி, இஸ்திரி போட்ட உடையில், கையில் ஹெட்போனோடு கிளம்பித் தயாராக இருந்தாள். மகள் பிறப்பதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் தட்டச்சுக்காரியாக இருந்தவள் அவள். இப்போது வந்திருப்பது வீட்டிலிருந்தே செய்கிற வேலை: டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யவேண்டும். நேர்காணலிலேயே ஒரு சோதனையும் உண்டு, அதற்குக் கணினிதான் வேண்டும், கைபேசி உதவாது. இந்தச் சோதனைக்காக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மகளை உட்காரவைத்து நோய்ப் பெயர்களை வாசிக்கச் சொல்லித் தட்டித் தட்டிப் பழகியிருந்தாள். மகளின் நாக்கு தடுக்கி விழாத நோயே கிடையாது.

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலையே. ஒரு நிமிஷம்.”

“குச்சில விளக்கைக் காணோம்?”

“தூங்குது. எழுப்பிடலாம்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “ஏத்திட்டீங்களா?”

கண்ணாடிக்காரர் தன்னுடைய கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வசமாக மாட்டிக்கொண்டால் அப்படித்தான் செய்வார்.

“இன்னிக்குமா?”

“உனக்காகத்தான்மா. இன்டர்வியூன்னா மெஷின் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?”

“நான் கேட்டேனா?”

அவர் அசடு வழிந்தார். மணி பத்தரை தாண்டிவிட்டிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“பழைய கெர்னல் உள்ளதான இருக்கு? ஆன் பண்றப்ப வரிசையா காட்டுமே. ரெண்டாவதா இருக்குமே, அதுல போங்க.”

இத்தனை வருஷம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவளுக்கு இதுகூடவா தெரியாது? அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்.

“அது பின்னாடி போற மாதிரிம்மா.”

“போனா என்ன?”

“போனா தோத்துட்டோம்னு ஆயிடும்.”

“யார்கிட்ட?”

அவர் விடவில்லை. “ஒரே ஒரு வரியை மாத்தினா போதும்னு தோணுது, ஒரு நிமிஷம்…” என்று மறுபடி கீபோர்டுக்குக் குனிந்தார்.

“கடையில அந்தக் கிழட்டு மெஷினைத் தொட்டா ஊரையே கூட்டுறீங்க. வீட்டுல ஓடுறதை மட்டும் ஓட விடமாட்டேங்கிறீங்க.” இதை அவள் சண்டைக்குரிய குரலில்தான் தொடங்கினாள். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. “எனக்குப் பயமா இருக்குங்க. இன்னிக்கு இது போச்சுன்னா இன்னொரு தடவை கேக்க எனக்குத் தைரியம் வராது.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பல்லி விழுந்தாலும் பாம்பு நுழைந்தாலும் துடைப்பத்தோடு முதலில் ஓடுகிறவள், பயம் என்ற வார்த்தையை அவரிடம் இதுவரை சொன்னதே இல்லை. காலையிலிருந்து தான் மல்லுக்கட்டியது இவளுக்காக இல்லை, அந்தச் சிவப்பு எழுத்தோடு ஒரு ரோஷத்துக்காக என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. கணினியை அணைத்துப் போட்டார். வரிசை வந்தது. கீழே இறங்கி, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் அழுத்தினார்.

குச்சி ஒரு தடவை கண் சிமிட்டியது. பிறகு நீலமாக எரிந்தது.

நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு அவர் ஸ்டூலுக்கு மாறினார். எழுந்து போகச் சொன்னாள், போகவில்லை. ஏதாவது ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டாமா என்று கேட்டு, கேமராவில் விழாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். திரையில் ஒரு பெண்மணியும் ஒரு வயதானவரும் வந்தார்கள். “வணக்கம், நாங்க பேசுறது கேக்குதா?” என்று பெண்மணி கேட்டதற்கு மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் மூலையிலிருந்து பலமாகத் தலையாட்டினார்.

கேள்விகள் முடிந்து சோதனை தொடங்கியது. அவள் காதில் ஏதோ ஒரு டாக்டர் பேசினார். முதல் வரியில் விரல்கள் தடுமாறின. இரண்டாவது வரியில் நின்று நிதானித்தன. அப்புறம் பாருங்கள், மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடவென்று ஒரே சீராக விழ ஆரம்பித்தன. திரையிலிருந்த வயதானவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். இந்த வீட்டில் இவ்வளவு வேகமாக ஓடுகிற ஒன்று இருப்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இன்னும் சில புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவாம், ஏற்றட்டுமா?

அவள் விரல் நிற்கவில்லை. கண் மட்டும் பெட்டியைப் பார்த்தது, அப்புறம் அவரைப் பார்த்தது. மௌஸ் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அவருடைய வலது கை, யாரையும் கேட்காமல், மேஜையை நோக்கிப் புறப்பட்டிருந்தது. பாதி வழியில் அதை இடது கை பிடித்தது. கண்ணாடிக்காரர் லேசாக எழும்பி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.