மடித்துவிட்ட நுனி

கடை வாசலில் நிற்கும் காரின் பின் இருக்கையில் வயர்க்காரர் கால்களை மடக்கி உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, வலது கையை மட்டும் மேலே தூக்குகிறார். ஒரு விரல் உயர்ந்தால் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்க வேண்டும். இரண்டு விரல் என்றால் இன்னும் கொஞ்சம். எஞ்சின் உறும உறும, ஸ்பீக்கரிலிருந்து ஒரு கீச்சொலி கூடவே ஏறுகிறது. காலை எடுத்தால் கூடவே இறங்குகிறது. முன்பக்கத் திரையிலும் மெல்லிய கோடுகள் நெளிகின்றன.

"சவுண்ட பூஜ்யத்துல வை. இப்பவும் கத்துதா? நல்லது."

"என்னண்ணே நல்லது? ரெண்டு சவாரிக்காரங்க புகார் குடுத்துட்டாங்க. இன்னொன்னு வந்தா டாக்ஸி கம்பெனி லிஸ்ட்லேருந்து வண்டிய எடுத்துடுவாங்க" என்கிறார் ஓட்டுநர். காரை இரண்டு மாதத்துக்கு முன்புதான் பழையதாக வாங்கி, வாடகைக்கு விடுவதற்காக நிறம் மாற்றியிருக்கிறார்.

தெருவில் எல்லாருக்கும் அவர் 'வயர்க்காரர்'தான்; கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கும் போய்ப் படித்ததில்லை. கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. முன்பல் ஒன்றில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருக்கிறது. வயர் உரிக்கக் கருவி இருந்தாலும் கை முதலில் வாய்க்குத்தான் போகும். இரைச்சலை வடிகட்டும் பில்டரை மட்டும் அவர் கடையில் வைத்ததே இல்லை. "குப்பைய வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு மூக்கப் பிடிச்சிக்கிற மாதிரி அது" என்பார். கீச்சொலி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒவ்வொரு வாசலாகச் சாத்திப் பார்ப்பதுதான் அவர் முறை.

டிக்கியைத் திறந்து, ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுவரும் வயர்களைப் பிடுங்கினார். கீச்சொலி நின்றது. அதே இடத்தில் தன் கைபேசியைச் செருகினார். பாட்டு வந்தது, கீச்சொலி வரவில்லை. "இவன் நிரபராதி" என்று ஆம்ப்ளிஃபையரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வயர்களைப் பழையபடி மாட்டினார். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமான ஒரு வயரை இழுத்து வந்து, பாட்டுப்பெட்டியின் உடம்பில் தொட்டார். சத்தம் செத்தது. எடுத்தார், கத்தியது. தொட்டார், செத்தது. திரையிலும் கோடுகள் இல்லை.

"எர்த்து ஒழுங்கா பிடிக்கல. எவன்யா இத மாட்டினவன்? தூக்கத்துல மாட்டியிருப்பான்."

"ஆரம்பிச்சாச்சா" என்றார் கல்லாவில் இருந்த அவர் மனைவி, தலை நிமிராமல். எந்த வண்டியைத் திறந்தாலும் முன்பு கைவைத்தவனுக்கு இவரிடமிருந்து ஒரு வசை உண்டு. அதன் வாலாக இதுவும் வரும்: "பதினெட்டு வருஷத்துல நான் கைவச்ச வண்டி ஒண்ணு திரும்பி வந்திருக்குமா?"

"திரும்பி வரலைன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தமா? வேற கடைக்குப் போயிருக்கும்."

"இவ ஒருத்தி போதும், எதிர்க்கடையே வேண்டாம்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். அங்கிருந்தே வசை தொடர்ந்தது. "கண்ணு தெரியாதவனா, கை விளங்காதவனா..." பாதியில் நின்றது.

டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது. எர்த் வயர் ஒரு திருகாணியில் முடிந்தது. வெறும் இரும்பைத் தொட்டால்தான் எர்த் பிடிக்கும்; ஆனால் திருகாணிக்கு அடியில் பெயிண்ட் சுரண்டப்படவில்லை. ஓரத்தில் துரு பூத்திருந்தது. வயரின் இணைப்பில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் நுனி, சின்ன முக்கோணமாக மடித்துவிடப்பட்டிருந்தது. அடுத்துப் பிரிப்பவன் நகத்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று அப்படி மடிக்கிறவர் இந்த ஊரில் ஒருவர்தான்.

டேப்பை இரண்டு விரலால் இழுத்துப் போட்டால் போதும், அடையாளம் போய்விடும், கேட்க ஆள் இல்லை. ஓட்டுநர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயர்க்காரர் மெல்லத் தலையை வெளியே எடுத்தார். "தம்பி, இங்க வா. நீயும் வாம்மா."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மனைவிதான் முதலில் நுனியைப் பார்த்தார்.

"நான் மாட்டினதுதான்" என்றார் வயர்க்காரர். "அப்ப வெள்ளை வண்டி, புத்தம் புதுசு. ஒரு கீறல் விழக்கூடாதுன்னு ஓனர் தலைமாட்டுலயே நின்னாரு. சுரண்டாம முறுக்கிட்டேன். அன்னைக்கு சத்தம் வரல. துரு ஏற ஏறப் பிடி விட்டுருச்சு."

"இவ்வளவு நேரம் உங்களையேவா திட்டிக்கிட்டிருந்தீங்க?" ஓட்டுநருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொஞ்சம் கொறச்சலாவே திட்டிட்டேன்."

உப்புத்தாளை எடுத்துப் பெயிண்டைத் தேய்த்தார். இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தார். மின்னிய பிறகும் தேய்த்தார். புது போல்ட்டை முறுக்கி, துரு ஏறாமலிருக்க கிரீஸ் தடவினார். எஞ்சினை ஓட்டச் சொல்லி ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் காட்டினார். எஞ்சின் மட்டும்தான் கத்தியது.

இணைப்பைச் சுற்ற டேப்பை எடுத்தபோது ஓட்டுநர் கிண்டலாகச் சொன்னார்: "இந்தத் தடவ நுனிய மடிக்காம ஒட்டிடுங்கண்ணே. யாரு மாட்டினதுன்னே தெரியாது."

வயர்க்காரர் மூன்று சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார். நுனியை முக்கோணமாக மடித்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டார்.