மானுக்கு எடை சொன்னது

பிள்ளைகளே, முந்தாநாள் நீங்கள் இரண்டு பேரும் என் போனில் ஒரு வீடியோ பார்த்தீர்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் மேசைமேல் துப்பாக்கிக் குண்டுகளை வரிசையாக நிறுத்தி, மான் வேட்டைக்கு எது தோது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்று கனமாம், ஒன்று லேசாம், ஒன்று உடம்புக்குள் போனதும் முனை விரியுமாம். "நைனா, மானுக்கு எந்தக் குண்டு போடணும்?" என்று சின்னவள் கேட்டாள். நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் குனிந்துகொண்டேன். அது உண்மைதான், ஆனால் பாதிப் பதில். மானுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பதை நான் ஓரடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவும் வைத்திருப்பேன். எட்டாவது படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

போன வருஷம் கருவாட்டுக் களத்துக்குள் மான் வந்த கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் பரீட்சைக்குப் போயிருந்தீர்கள். அம்மா மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறிவிட்டாள். ஏரி வற்றி, பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. நண்டு பிடித்துவிட்டுத் திரும்புகிறேன், கரையோரச் சேற்றில் ஒரு பெட்டை மான் வயிறு வரை புதைந்து நிற்கிறது. ஏரிக்கு நடுவே இருக்கும் தீவுக் காட்டிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்க வேண்டும். பின்னங்காலில் கிழிந்த நைலான் வலை சுற்றிக் கிடந்தது. கரையில் நாலு நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன.

வயிற்றடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். உதைக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் நெஞ்சில் கேட்டது. சேறும் வலையுமாக அப்படியே சுமந்துபோய், சுற்றுமதில் உள்ள களத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் படுத்திருந்தது. பிறகு எழுந்து மதிலில் மோத ஆரம்பித்தது. மோத மோத, காலில் இருந்த நைலான் இறுகியது. அதை அறுக்க யாரும் கிட்டே போக முடியவில்லை.

வனத்துறைக்குப் போன் செய்தோம். ஜீப்பில் ஒரு ஃபாரஸ்ட் கார்டும் கால்நடை டாக்டரம்மாவும் வந்தார்கள். டாக்டரம்மா நீளப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது எனக்குத் தெரிந்த துப்பாக்கி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குண்டு என்று நான் நினைத்தது மயக்க மருந்து ஏற்றும் ஊசிக் குழாய். பின்னால் ரோஸ் நிறத்தில் ஒரு குஞ்சம். முன்னால் ஊசி. ஊசியின் பக்கவாட்டில் ஓட்டை, அதை மூடிய சின்ன ரப்பர் உறை.

"இது எப்பிடி டாக்டரம்மா வேல செய்யிது?"

"சதையில குத்தினதும் இந்த உறை பின்னாடி நகரும். உள்ள அடைச்சிருக்கிற காத்து மருந்தைத் தள்ளிடும்."

பெட்டியில் சின்ன ஊசி, பெரிய ஊசி என்று நாலைந்து இருந்தன. அவர் கை பெரியதற்குத்தான் போகும் என்று பார்த்தேன். அவர் இருப்பதிலேயே குட்டையானதை எடுத்தார். எருமைக்கு நீளம் வேண்டும், மானுக்குத் தோலும் சதையும் மெலிசு, நீள ஊசி எலும்பில் போய் இடிக்கும் என்றார். துப்பாக்கியின் காற்று அழுத்தத்தையும் குறைத்து வைத்தார். கிட்டே நின்று வேகமாக அடித்தால் மருந்துக் குழாயே தொடையெலும்பை உடைத்துவிடுமாம். காலா மீனுக்குப் பெரிய கண் வலை, இறாலுக்குச் சின்னக் கண் வலை என்று நாம் எடுப்பதைப் போலத்தான் என்று நினைத்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம். இன்னும் நூறு கேள்வி வாயில் நின்றது.

அதற்குள் அவரே கேட்டார். "இதைத் தூக்கினது யாரு?"

"நான்தாங்க."

"எடை எவ்ளோ இருக்கும் அண்ணே? அதை வச்சுத்தான் மருந்து."

"நாப்பத்தஞ்சு கிலோ" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் நாற்பத்தைந்து என்று எழுதிக்கொண்டு குழாயில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியவில்லை. மீன் ஏலக் கரையில் நாம் பத்து கிலோ என்றால் வியாபாரி தண்ணீருக்குக் கொஞ்சம், கூடைக்குக் கொஞ்சம் கழித்து எட்டு என்பான். அதனால் எட்டு இருந்தால் பத்து என்போம். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அவன் கழிப்பான் என்று நமக்குத் தெரியும், நாம் ஏற்றுவோம் என்று அவனுக்குத் தெரியும். இந்த அம்மா எதையும் கழிக்கவில்லை. குழாயில் மருந்து ஏறிக்கொண்டே இருந்தது.

"டாக்டரம்மா, கழிக்க மாட்டீங்களா?"

"எதைக் கழிக்கணும்?"

மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. கரையில் மீன் வாங்கி விற்பவள் அல்லவா. "யம்மா, அவன் சொன்னத எழுதிக்காத. நேத்து எங்கிட்ட அர கூட நண்ட முழுக் கூடன்னு வித்தவன் அவன்" என்றாள்.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழாயைக் கீழே இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, மருந்து கூடினா மூச்சு நின்னுடும். கொறைஞ்சா பாதி மயக்கத்துல ஓடி மதில்ல கழுத்தை ஒடிச்சுக்கும். ரெண்டாவது மயக்க ஊசியைத் தாங்குற நிலைமையில அது இல்ல. நெசமா எவ்ளோ?"

ஊர் முன்னால் நான் ஏற்றிச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறு. நிஜ எடை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஏற்றியே சொல்லிச் சொல்லி, உள்ளதைச் சொல்வதற்கு என்னிடம் எண்ணே இல்லாமல் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். கையில் அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வலை நனைந்து ஒரு கனம். வயிற்றில் அப்பியிருந்த சேறு ஒரு கனம். அவற்றை நானே கழித்தேன்.

"ஏத்திச் சொல்லிட்டேன்மா. பழக்க தோஷம். முப்பது, மிஞ்சிப் போனா முப்பத்திரண்டு."

"இதுல எதுவும் ஏத்தலையே?"

"இல்லமா."

"இதாவது நெசமாப்பா?" என்றார் கார்டு. அக்கா மதில்மேலிருந்து, "இப்ப மூஞ்சி பொய் சொல்ற மூஞ்சி இல்ல சார்" என்றாள். அவள் எனக்காகப் பேசியது அன்றைக்குத்தான்.

குழாயில் இருந்ததைக் கொட்டிவிட்டு டாக்டரம்மா மறுபடி அளந்தார். களத்துக்குள் மான் இன்னொரு முறை மதிலில் மோதியது. கதவு இடுக்கில் துப்பாக்கிக் குழலை வைத்தார். ஊது குழலில் ஊதியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தொடையில் ரோஸ் குஞ்சம் ஆடியது. மான் நாலு எட்டு ஓடி நின்றது. கால் பின்னியது. முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது.

எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். கண்ணில் துணி கட்டி, நைலானைக் கத்திரியால் அறுத்து எடுத்தார். பிறகு நம் மீன் தராசின் கொக்கியில் சாக்கோடு தொங்கவிட்டு நிறுத்தார்கள். சாக்கு போக முப்பத்தொன்று.

"நாப்பத்தஞ்சுக்குப் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"எழுந்திருக்கலாம். எழுந்திருக்காமலும் போயிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. மயக்கம் தெளிய இன்னொரு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு மானை ஜீப்பில் ஏற்றினார். சாயங்காலம் கார்டு போன் செய்து, காட்டோரம் இறக்கியதும் எழுந்து நடந்துவிட்டது என்றார்.

போனை வைத்தபோது வீட்டில் யாரும் இல்லை. அடுப்படியில் பிரிக்காத அரிசி மூட்டை இருந்தது. எடை அச்சடித்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இருபத்தாறு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மூட்டையை இறக்கித் திருப்பிப் பார்த்தேன்.