தம்பிராஜாவின் மழைக்கோட்டு

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், அக்டோபர் பிறந்ததும் மலாக்காவில் மழை பிடித்துக்கொண்டது. காஜா பெராங்கில் சைக்கிளில் பால் ஊற்றுகிற தம்பிராஜாவுக்கு மழை என்றால் பயம். ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு, நெஞ்சு நனைந்தால் போதும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும்.

அன்றைக்கும் வந்தது. கம்போங் செட்டியில் கண்ணம்மா வீட்டு வாசலில் பால் அளக்கும்போதே இருமிவிட்டார். அங்கே இருக்கிற செட்டிகள் பல தலைமுறையாக மலாயே பேசுகிறவர்கள்; பேர்தான் கண்ணம்மா, அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. பாத்திரத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, இனி நனைந்து இருமிக்கொண்டு வந்தால் வேறு பால்காரரைப் பார்த்துக்கொள்வேன் என்று மலாயில் சொல்லிவிட்டார். கண்ணம்மா நிறுத்தினால் அந்த வரிசை வீடுகள் எல்லாமே நிறுத்திவிடும். அப்புறம் பிழைப்பு ஏது?

தம்பிராஜா நேரே டவுனுக்குப் போய், காதர் பாய் கடையில் நின்றார். பட்டாளத்தார் விட்டுப்போன ரப்பர் போர்வை ஒன்று தொங்கியது. நல்ல கனம், நாற்றம் வேறு. பக்கத்தில் புது பிளாஸ்டிக் கோட்டு. லேசு, விலையும் கம்மி. அதன் பையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வாங்கிவிட்டார்.

மறுநாள் கழுத்துவரை பொத்தான் போட்டு, இடுப்பிலும் மணிக்கட்டிலும் கயிறு கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். கம்போங் செட்டி போய்ச் சேர்வதற்குள் சட்டை பிழியலாம் போல் ஆகிவிட்டது. கண்ணம்மா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்கப் பாலை ஊற்றிவிட்டுத் தப்பித்தார். அங்கிருந்து போன வேகத்தில் கோட்டைப் பாயின் மேசைமேல் எறிந்தார்.

"ஒழுகுற கோட்டை என் தலையில கட்டிட்டீங்களே பாய்!"

பாய் கோட்டைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம்.

"நாக்குல வச்சுப் பாரும்."

"எதுக்கு?"

"பாரும்யா!"

பார்த்தார். "உப்புக் கரிக்குது."

"அப்ப மழை கடல்லேர்ந்து நேரா உம்ம சட்டைக்குள்ள பேஞ்சிருக்கு!" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "வேர்வைய்யா அது. இட்லிப் பானை மாதிரி மூடிக்கிட்டா வேகாம என்ன செய்யும்?"

"அப்ப அந்த ரப்பரைக் குடுங்க, இதை எடுத்துக்குங்க."

"நீர் வேர்த்துக் குளிச்ச கோட்டை எவன் வாங்குவான்?"

வீட்டில் மனைவி பொன்னம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தார்.

"ஏய், புதுசுடி!"

"கோட்டு புதுசா இருந்து என்ன? உள்ள இருக்குற ஆளு பழசா இருக்கீங்களே. காத்து போக வழி வேணாமா?"

அக்குளிலிருந்து அடிவரை இரண்டு பக்கமும் வெட்டினார். முன்பக்கத்தை விரித்து சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொள்ள நாடா தைத்துக் கொடுத்தார்.

விடிந்ததும் ஊற்றுகிற மழை. முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்தது. மேலே கூரை போல் விரிந்த பிளாஸ்டிக்கின் அடியில் காற்று புகுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு போனது. கண்ணம்மா கதவைப் பாதி திறந்து நின்றார். தம்பிராஜா பாலை அளந்தார். இருமல் வருமா என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கண்ணம்மா பக்கத்து வீட்டைப் பார்த்து மலாயில் ஏதோ குரல் கொடுத்தார். அங்கேயிருந்து ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தோடு இறங்கி வந்தாள்.