வாசல் கல் சுட்ட நாள்

பாகவதர்களுக்கு அடியேனுடைய நமஸ்காரம். எங்கள் அகத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் அடியேன் ஒருவன்தான். திருச்சி ஜங்ஷனில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். எழுத்து வேலை பழக்கம்தான். ஆனாலும் இதை எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். என் தகப்பனார் காலையில் தீர்த்தமாடிவிட்டுக் காவேரிப் படித்துறையில் ஏறி வந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பாரிசவாயு.

அப்பா ஸ்ரீபாதம் தாங்குகிறவர். புறப்பாட்டில் உத்ஸவரான நம்பெருமாளைப் பல்லக்கோடு தோளில் ஏளப்பண்ணிக்கொண்டு போகிற கைங்கர்யம். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி அவர் வலது தோளில் எலுமிச்சங்காய் அளவுக்குக் காய்ப்பு உண்டு. அந்தத் தோளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தபோது அம்மா வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, கட்டில்லயே போட்டு வெச்சிடாதீங்க. பிடிச்சுக்கிட்டாவது நிக்க வைங்க. காலைத் தரையில ஊன வைங்க. இல்லேன்னா அது மடங்கியே போயிடும்" என்றார்.

அதை வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? அப்பாவோடு தண்டு பிடிக்கிறவர்கள் தினமும் வந்தார்கள். கஸ்தூரி மாமாதான் அவர்களில் மூத்தவர். கொல்லைப்புறம் போக வேண்டுமா, தூக்கினார்கள். குளிக்க வேண்டுமா, தூக்கினார்கள். வெயில் சாய்ந்தால் நாற்காலியோடு தூக்கிக் காவேரிக் கரையில் வைத்தார்கள். நான் மறுபடி டாக்டர் பேச்சை எடுத்தால், "போடா குமாஸ்தா! அவன் விழுந்து மண்டை உடைஞ்சா உன் டாக்டரா வந்து தூக்குவான்? பெருமாளையே தூக்கற தோள். இவன் என்ன, பெருமாளைவிட கனமா?" என்பார் மாமா. எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் கோணின வாயோடு சிரிப்பார்.

அது அன்புதான். குறை சொல்லவில்லை. தாங்குவதைத் தவிர வேறு எதுவும் அறியாதவர்களுடைய அன்பு. ஆனால் சித்திரை போனது, வைகாசி போனது. அப்பாவின் உள்ளங்கால் ஒரு நாள்கூடத் தரையில் படவில்லை. இடது கால் குச்சியாக இளைத்தது. முழங்கால் நீட்ட வரவில்லை. முதுகில் புண் கண்டது.

நான் ஆபீஸ் போகுமுன் தினமும் சந்நிதியில் நிற்பேன். "அவர் மறுபடியும் உன் திருவடியைத் தாங்கணும்" என்று கேட்பேன். ஒன்றும் நடக்கவில்லை. போகப் போகக் கேட்கவும் வாய் வரவில்லை. வெறுமனே நின்றுவிட்டு வந்தேன். ஒரு நாள் அப்பாவே சொன்னார்: "எனக்காக ஒண்ணும் வேண்டிக்காதேடா. சீக்கிரம் அழைச்சுக்கோன்னு நானே கேட்டுண்டிருக்கேன்." அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

ஆடி வந்தது. பெருமாள் காவேரிக் கரைக்கு, அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிற நாள். எங்கள் அகம் மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே, அந்த ரோட்டிலேயே இருந்தது. அன்றைக்கு அப்பாவைத் தூக்க ஆள் இல்லை. தூக்குகிற எல்லாரும் பெருமாளைத் தூக்கப் போய்விட்டார்கள். நானும் அம்மாவுமாக நாற்காலியை வாசல் வரை இழுத்து வந்தோம்.

நாகஸ்வரம் கேட்டது. தெருவே எழுந்து நின்றது. பெருமாள் வரும்போது உட்கார்ந்திருக்கிறவர் உண்டா? அப்பா ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பெருமாள் எங்கள் வாசலுக்கு நேரே வந்தார். அப்பா வலது கையால் நிலையைப் பற்றி எம்பினார். எழுந்தார். ஒரு விநாடிதான். நான் பிடிப்பதற்குள் வாசல்படியில் குப்புற விழுந்தார். முன்தண்டில் கஸ்தூரி மாமா, அவர் பார்த்துவிட்டார். ஆனால் தண்டை விட்டு யார் வர முடியும்? கண்ணீர் வழிய அப்படியே நடந்து போனார்.

எனக்கு மனசு விட்டுப் போயிற்று. "இத்தனை வருஷம் உன்னைத் தாங்கினவரை ஒரு க்ஷணம் நீ தாங்கலையே" என்று பெருமாளின் பின்னழகைப் பார்த்துச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். பிறகு அப்பாவைத் தூக்கக் குனிந்தேன்.

அவர் அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"டேய், சுட்டுதுடா!"

"எங்கேப்பா அடிபட்டுது?"

"அடி இல்லைடா அசடே. கல்லு! வாசல் கல்லு சுட்டுது. இந்தக் கால்ல, இடது கால்ல சுட்டுது. அது செத்துப் போகலைடா!"

சாயங்காலம் தீர்த்தமும் திருத்துழாயும் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்ததும் வழக்கம்போல் தூக்கப் போனார்கள். அப்பா வலது கையால் தடுத்தார்.

"தொடாதேங்கோ. தூக்கித் தூக்கி என்னை உத்ஸவராவே ஆக்கிட்டேளேடா! உத்ஸவர் நடக்க மாட்டார். எனக்கு நடக்கணும்."

கஸ்தூரி மாமா நீட்டின கையை மடக்கிக்கொண்டார். பிறகு மெல்ல, "தாங்காம எங்களுக்கு என்னடா தெரியும்?" என்றார்.

"பெருமாள் குலுங்காம நடக்கற நடை தெரியுமே. அதைக் குடுங்கோ."

மறுநாள் இரண்டு மூங்கில் வந்தது. தண்டு பிடிப்பதுபோலவே முன்னால் இருவர், பின்னால் இருவர். தோளில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் கையில் பிடித்தார்கள். பல்லக்கு இருக்க வேண்டிய இடத்தில் அப்பா நின்றார். இடது கையைத் துண்டால் மூங்கிலோடு கட்டினோம். நான் அவருக்கு எதிரே பின்நடையாக நடந்து, அந்தக் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குலுங்காத அந்தச் சின்ன நடை அவர்கள் உடம்பில் ஊறினது. எனக்கு வரவில்லை. தடுமாறினேன். "எஸ்.எஸ்.எல்.சி.க்கு நடை தெரியலை பார்!" என்று அப்பா அந்த நிலையிலும் கேலி செய்தார்.

உடனே நடந்துவிட்டார் என்று எழுதினால் பொய். கால் வெறும் கட்டையாக இழுபட்டது. முழங்காலை நீட்டும்போது அவர் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புரட்டாசியில் விழுந்தார். ஐப்பசி மழையில் ஜுரம் கண்டு, வந்த கொஞ்சமும் போனது. "விட்டுடுங்கோடா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஜுரம் விட்டதும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். ஆனால் நான் சந்நிதியில் மறுபடி வாய் திறந்தேன். தோளைக் கேட்பதை விட்டேன். "நாளைக்கும் அவர் கால் தரையில் படட்டும்" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பிரார்த்தனை தினமும் பலித்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை, கோலத்தின் மேல் கால் வைக்கக்கூடாதே என்று அப்பா இடது காலைத் தானே தூக்கி வைத்தார். அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அடுத்த ஆடியில் பெருமாள் அதே வாசலுக்கு எழுந்தருளினார். அப்பா கைத்தடியோடு நின்று சேவித்தார். பெருமாளுக்குப் பின்னாலேயே அம்மா மண்டபம் வரை நடந்தார். தோளில் தண்டு திரும்பி வரவில்லை, இனி வராது. முதலில் அது எனக்கு வலித்தது. இப்போது இல்லை. பெருமாள் தன் திருவடியைத் தாங்கினவருக்கு அவருடைய காலைத் திருப்பிக் கொடுத்தார். இதற்கு மேல் என்ன கேட்பேன்? நானும் ஆபீஸுக்குப் போகுமுன் இரண்டு அகங்களுக்குப் போய், விழுந்து கிடக்கிறவர்களைப் பிடித்து நடத்திவிட்டு வருகிறேன். எனக்கும் நடை வந்துவிட்டது.

அப்பாவின் இடது கால் இன்னும் இழுக்கும். காவேரியிலிருந்து அவர் திரும்பும்போது சரக், சரக் என்று தெருவில் கேட்கும். கேட்டதும் அம்மா இலை போட எழுந்துவிடுவாள்.

உங்கள் அகத்திலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். கேட்டுக் கேட்டு உங்கள் வாயும் ஓய்ந்திருக்கலாம். அடியேன் சொல்வது இதுதான். அவரைத் தூக்கிக்கொண்டே இருக்காதீர்கள். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். பெரிதாகக் கேட்க மனசு வராவிட்டால், நாளைக்குத் தரையில் ஒரு கால் பட வேண்டும் என்று மட்டும் அரங்கனிடம் கேளுங்கள். அந்தச் சரக், சரக் சத்தம் உங்கள் வாசலுக்கும் வரும்.