லேபிள் இல்லாத பன்னிரண்டு பாட்டில்கள்

என் அப்பா பெண்கள் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

இது எனக்குத் தெரிந்தது என் முப்பத்தெட்டாவது வயதில். என் மகனுக்குப் பள்ளியில் கண் பரிசோதனை செய்தார்கள். புள்ளிகள் நிறைந்த அட்டையில் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். அவன் எண்ணே இல்லை என்றான். "உங்க அப்பாவுக்கு எப்படி?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். "அவர் டிராயிங் மாஸ்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நான் பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். நிறத்தை அளப்பது என் வேலை. கருவிக்கு அடியில் மாதிரித் தகட்டை வைத்தால் மூன்று எண்கள் வரும். எங்களுக்கு அவைதான் நிறம். இந்தக் குறை தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரக்கூடியது என்பதும் படித்ததுதான். நடுவில் இருக்கும் மகளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வெறும் குழாய்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் இரண்டு நூல்கண்டுகளை நீட்டினேன். "இதுல எதுப்பா சிவப்பு?"

வெகுநேரம் பார்த்தார். "உங்கம்மாவைக் கேளு" என்றார்.

அம்மா சமையலறையிலிருந்தே பேசினாள். "எனக்குக் கல்யாணமான மூணாம் நாளே தெரியும். பழுத்த தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா ஒரு பை நிறைய காயைத் தூக்கிட்டு வந்தாரு. நல்ல பழமா பார்த்துப் பொறுக்கினேன்னு பெருமை வேற."

"அப்ப ஏன்டி இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்க சொன்னீங்களா?"

நாற்பது வருடம். ஒருவர் ஒளித்தார், ஒருவர் ஒளித்ததை ஒளித்தார். அதற்குப் பிறகுதான் அப்பா எனக்கு அணில் என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மூன்று வருடமாக, துண்டு துண்டாக. போன மாதம் பதினான்காம் தேதி இறந்துபோனார். துண்டுகள் கலைவதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஓவிய அறை மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. தொட்டி நிரம்பும்போது கூரைக்குள் ஆறு ஓடுகிற சத்தம் வரும். சுவரில் ஈரம் பூத்துத் தீவு தீவாகப் படர்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து, தூசியைத் தூக்கிக்கொண்டு, மேசைகளின் மேல் மெல்ல நகரும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும். அப்பாவுக்கும்தான். சிறு வயதில் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இப்போதும் கனவில் வரும் அறை அதுதான்.

ஜன்னலோரம் ஒரு மரச்சட்டம். அதில் வரிசை மாறாமல் பன்னிரண்டு கலர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயர் அச்சடித்த லேபிள். ஆனால் அப்பா பெயரைச் சொல்லமாட்டார். "மூணை எடு. அஞ்சுல ஒரு சொட்டு விடு. போதும், போதும், கல்யாண வீடா?" என்பார். பிள்ளைகள் அதை ஸ்டைல் என்று நினைத்து 'நம்பர் சார்' என்று பெயர் வைத்தார்கள். பென்சிலில் அவரை அடிக்க ஆளில்லை. கண்ணாடி டம்ளர் வரைந்தால் எடுத்துக் குடிக்கத் தோன்றும். வண்ணம் தீட்டுவதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவார். முன்கோபி. வீம்புக்காரர். தப்பை ஒத்துக்கொண்டதாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை.

அணில் அந்தப் பள்ளிக்கு வந்தது பதினாறு வயதில். அது அவளுக்கு மூன்றாவது பள்ளி. அம்மா இல்லை. அப்பா இருக்கும் இடம் தெரியாது. தையல் கடை வைத்திருந்த அத்தை வளர்த்தாள். கையில் கிடைத்ததை எல்லாம் உரிப்பாள். பென்சிலின் மேல்தாள், பெஞ்சின் வார்னிஷ், நோட்டின் அட்டை, தன் நகக்கண். அதனால்தான் அணில். வகுப்பின் நடுவில் எழுந்து போய்விடுவாள். இரண்டு நாள் வரமாட்டாள். அம்மாவைப் பற்றி ஏதோ சொன்ன ஒருத்தியின் நெற்றியை ஜாமெட்ரி பாக்ஸால் பிளந்துவிட்டாள்.

ஆனால் அவளுக்குக் கண் இருந்தது. ஒருநாள் உள்ளங்கை அளவு காகிதத்தில் எதையோ கலந்து பூசினாள். காயவைத்து, ஈரச் சுவரில் எங்கோ ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்கடீ ஒட்டினே?" என்று வகுப்பே எழுந்து தேடியது. மூக்கை வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்பாவும் தேடினார். கடைசியில் அவளே போய் நகத்தால் கிள்ளி எடுத்தபோதுதான் சுவரிலிருந்து ஒரு துண்டு கழன்று வந்தது.

"எனக்கு மட்டும் தெரியாம போறது வழக்கம். அன்னிக்குத்தான் யாருக்கும் தெரியலை" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பையனின் முகம்.

அதன் பிறகு மற்ற பாடங்களிலிருந்து ஓடி வந்தால் அவளை ஓவிய அறையில் உட்கார விட்டார். அவள் தொல்லை செய்யவில்லை. அவர் பாடம் நடத்தவும் இல்லை. இருவரும் கூரைக்குள் ஓடும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.

பள்ளி ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வந்த நாள், ஒரு புதன்கிழமை. காலையில் தலைமை ஆசிரியை அணிலை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "எழுத்துல இன்னொரு புகார் வந்துச்சுன்னா டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன். பரிட்சை எழுதப்போறவங்க பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை போகுது. அதுல உன் பேர் இருக்கணுமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணிக்க."

மதிய இடைவேளையில் அவள் ஓவிய அறைக்குப் போனாள். பன்னிரண்டு பாட்டில்களின் லேபிளையும் உரித்தாள். ஒரு துணுக்கு மிச்சமில்லை. உரித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்திருக்கிறது. பரிகாரமாக ஒன்று செய்தாள். வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை, பாட்டில்களை அழகாக மாற்றி அடுக்கினாள். கண் உள்ள யாருக்கும் அது லேபிளைவிடத் தெளிவான வரிசை.

அரை மணி கழித்து அப்பா எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உள்ளே வந்தார். பின்னாலேயே தலைமை ஆசிரியையும் இன்ஸ்பெக்டரும். லேபிள் இல்லாததைப் பார்த்தார். ஆனால் வரிசை இருக்கிறதே என்று, பதற்றத்தில் சரியாகப் பார்க்காமலே, மனதைத் தேற்றிக்கொண்டார்.

"சார், நீங்களே ஒரு இலை போட்டுக் காட்டுங்களேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா ஏழாவது பாட்டிலை எடுத்தார். பதினோரு வருடமாக அதில் இலைப்பச்சை. நரம்பு நரம்பாக, காற்றில் திரும்பியது போன்ற ஒரு இலையைப் போட்டார். அருமையான இலை. செங்கல் நிறத்தில்.

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும். இன்ஸ்பெக்டர், "என்ன சார், வெயில்ல வாடிப்போச்சா?" என்றார்.

அப்பாவுக்கு எது தப்பு என்றே தெரியவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்தது. ஜன்னலோரம் அணில் உட்கார்ந்திருந்தாள், நகத்தில் லேபிளின் பசையோடு. கையை நீட்டி, "இந்தப் பொண்ணு வேணும்னே என்னை அசிங்கப்படுத்த கலரை மாத்தி வெச்சிருக்கா" என்றார்.

"மாத்தி வெச்சாலும் பூசும்போது தெரியாதா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. அணில் இலையைப் பார்த்தாள். ஏழாவது பாட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு மூன்று விநாடி போதும்.

"தெரியாது சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "அடியில செங்கல்லை ஊத்தி மேலாப்புல பச்சையை விட்டேன். ஈரமா இருக்கும்போது பச்சையாத்தான் இருக்கும். காயக் காய அடியில இருக்கறது மேல வரும்."

சுத்தப் பொய். சாயம் அப்படி நடந்துகொள்ளாது. பிரஷ் பட்டதும் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"நாளைக்கு எழுத்துல குடுங்க சார்" என்றார் தலைமை ஆசிரியை.

அப்பா எழுதினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என்னிடம் ஸ்கேல் வாங்கி ஓரக்கோடு போட்டுக்கொண்டார். முத்து முத்தான கையெழுத்து. என்ன எழுதறீங்கப்பா என்று கேட்டதற்கு, "லீவ் லெட்டர்" என்றார்.

அணில் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

அப்பாவுக்குப் புதுச் சிக்கல். பன்னிரண்டு பாட்டில். எதில் என்ன என்று தெரியாது. யாரையும் கேட்க முடியாது. மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு, நான்கையும் தானே பிரித்துவிட்டார். மீதி எட்டும் அவருக்கு ஒரே குடும்பத்து முகங்கள். அம்மாவிடம் காட்டலாமென்றால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே! நாலு வகுப்புகளைப் பென்சிலிலேயே ஓட்டினார். அடுத்த வியாழன் சாயங்காலம் பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அந்தத் தையல் கடைக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இதை அவரே அழுத்திச் சொன்னார்: "லேபிள் எழுதத்தாம்மா போனேன். வேற எண்ணமே இல்லை."

அணில் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தை மெஷினை நிறுத்தவில்லை. அப்பா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இதுக்கா சார் வந்தீங்க?" என்றாள் அணில்.

"ம்."

அத்தை மெஷினை நிறுத்தினாள். "நல்லாருக்கு! படிக்கிற புள்ளையை வெளியில தள்ளிட்டு, அது கையாலேயே சீட்டு எழுதி வாங்க வந்தீங்களா? உங்களுக்கெல்லாம் முகத்துல என்ன, தோலா, தகரமா?"

"விடுங்கத்தை. அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது? வயசாகலை?"

"விடுங்கன்றேன்ல."

காலண்டர் தாளைக் கத்தரித்துப் பன்னிரண்டு துண்டாக்கினாள். ஒவ்வொன்றிலும் எழுதி, கடைப் பசையால் ஒட்டினாள். வெகுநேரம் எழுதினாள். பெயர் எழுத இவ்வளவு நேரமா என்று அப்பாவுக்கு எரிச்சல். முடித்ததும் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்திவெயிலில் தெரு முழுக்க அவருடைய நிறம். மஞ்சளும் நீலமும் மட்டுமே உள்ள ஊர். லேபிளில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

இலைப்பச்சை: 'வெயில்ல ஓடி வந்து நிழல்ல நின்னதும் வர்ற முதல் மூச்சு.'

சிவப்பு: 'பல் விழுந்த இடத்தை நாக்கு தொடறது.'

செங்கல்: 'அடி வாங்கி ரொம்ப நேரம் கழிச்சுக் கன்னத்துல மிச்சம் இருக்கிற சூடு.'

மஞ்சள்: 'இது உங்களுக்கே தெரியும் சார்.'

நீலம்: 'இதுவும்.'

மூன்று பஸ் வந்து போனதாம். ஏறவில்லை.

மறுநாள் வெள்ளி. காலை முதல் மணிக்கு முன்பே தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்றார். தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். இலையைப் பற்றிச் சொன்னார். புகார்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்.

"ஏன் சார் இப்ப சொல்றீங்க? சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றாராம் அவர்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும் மேடம்."

பட்டியல் ஏற்கனவே டைப் ஆகியிருந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே அணிலின் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஓவிய அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அப்பாவை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை புத்தகங்களுக்கு எண் ஒட்டினார். வேலை மாற்றத்துக்கு முதுகுவலி காரணம் என்று வீட்டில் சொன்னார். நாங்கள் நம்பினோம். அம்மா நம்பினாளா என்று இப்போது கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முந்தின நாள், தன் மேல் கிடந்த போர்வையைத் தடவிப் பார்த்து, "இது என்ன கலர்?" என்றார்.

"பச்சைப்பா."

"எந்தப் பச்சை?"

என் கருவி பச்சையில் பல ஆயிரம் பிரிக்கும். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "வெளிர்பச்சை" என்றேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் போர்வையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தெருவில், பஸ்ஸில், மற்றவர்கள் வீட்டுக் கொடியில்.

நேற்று அணில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது துணி ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவர். காதோரம் நரைத்திருக்கிறது. பரிட்சைக்குப் பிறகு படிப்பை இரண்டு முறை விட்டு மூன்றாவது முறை முடித்தாராம். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கப்புறம் நாங்க பேசவே இல்லை. நூலகத்துல போய் உக்காருவேன். அவர் எண் ஒட்டுவாரு. நான் உரிப்பேன். மறுபடி ஒட்டுவாரு" என்றார்.

போர்வையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் காத்திருந்தார். காத்திருந்தபடி, குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைத் தன்னை அறியாமல் முழுதாக உரித்து மேசையில் வைத்துவிட்டார்.

என் மகன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "அம்மா, இது பச்சையா, சிவப்பா?"

"பச்சை" என்றேன்.

பிறகு, "இரு" என்றேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "பல்லு தேச்சு வாய் கொப்பளிச்சதும் உள்ளே ஒரு காத்து போகும்ல? அந்த மாதிரி."

அவன் வாயைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"சில்லுனு" என்றான்.

"ஆமா. அதேதான்."